பெரிய தாலி, சின்ன தாலி

ஏதோ ஒரு போலீஸ் நிலைய அலமாரியில், எலி தின்னாமல் விட்டிருந்தால், என்னைப் பற்றி ஒரு வரி இன்னும் இருக்கும். கயிற்றில் தொங்கிய கணவனை அவிழ்த்து இறக்கியவள் அவன் மனைவி என்று மலாயில் எழுதிய வரி. அந்த மனைவி நான்தான். அந்த வரி பொய். அவனை அவிழ்த்தது வேறு ஒருவர். அவருக்குச் சேர வேண்டிய புண்ணியம் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இத்தனை வருடமாக இறங்க மாட்டேன் என்கிறது. சாவதற்குள் இறக்கிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். மலாக்கா டவுனில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. பார்க் என்போம். குஸ்தி மேடை, ஜோகெட் ஆட்ட மேடை, ராட்டினம், இவற்றுக்கு நடுவே தகரக் கூரை போட்ட சின்ன மேடை எங்களுடையது. வாசலில் நான்கு மொழியில் பலகை வைத்திருந்தோம். தமிழில் 'ஜப்பான் கட்டு' என்று மட்டும் இருக்கும். என் கணவன் என்னைக் கயிற்றால் கட்டுவான். கட்டி, கப்பியில் இழுத்து உத்தரத்துக்கு ஏற்றுவான். ஒரு பாட்டு முடியும்வரை நான் அந்தரத்தில் குப்புறச் சுற்றுவேன். பிறகு இறக்கி அவிழ்ப்பான். வித்தை அவ்வளவுதான்.

மந்திரம் கிடையாது, மாயம் கிடையாது. "எப்பத் தப்பிப்ப?" என்று முதல் வரிசையிலிருந்து யாராவது கேட்பார்கள். தப்பிக்க மாட்டேன் ஐயா, கட்டுப்படத்தான் வந்திருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். கயிறு உடம்பில் ஏறும் வரிசையையும், ஒரு முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சு வந்து உட்காருவதையும் பார்க்கத்தான் ஜனம் வந்தது. ஜப்பான்காரன் காலத்தில் இதே கட்டோடு அண்ணனையோ அப்பனையோ லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதில் பாதிப் பேர். அந்தக் கட்டிலிருந்து ஒருத்தி உயிரோடு இறங்குவதைப் பார்க்க வந்தார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. சிலர் அழுவார்கள். சிலர் காறித் துப்புவார்கள். துப்பியவரும் அடுத்த சனிக்கிழமை வந்துவிடுவார்.

கயிறு சணல் கயிறு. ஆற்றோரத்தில் தொங்கான் படகுகளுக்குச் சாமான் விற்கும் சீனர் கடையில் வாங்குவோம். வெந்நீரில் போட்டு எடுத்து, நிழலில் இழுத்துக் கட்டிக் காயவைத்து, சிலும்பை நெருப்பில் காட்டிப் பொசுக்கி, தேங்காய் எண்ணெய் தடவித் தடவி என் கணவன் அதை வழவழப்பாக்குவான். அந்தக் கயிற்றை அவன் கீழே போட்டு நான் பார்த்ததில்லை. என்னைப் போட்டிருக்கிறான். சம்சு குடித்த நாளில் காரணம் தேவையில்லை, குழம்பில் உப்புக் குறைந்தாலும் அடி, கூடினாலும் அடி. கல்லானாலும் கணவன் என்று கேட்டுக்கொண்டிருக்க நானும் புல் இல்லை. ஒருமுறை கப்பிக் கட்டையை எடுத்து அவன் முன்பல்லை உடைத்தேன். மறுநாள் மேடையில் வாயை மூடிக்கொண்டே சிரித்தான், பாவம்.

நாங்கள் காஜா பெராங்கில் ஒரு செட்டி அக்கா வீட்டின் பின்னறையில் குடியிருந்தோம். மலாக்காச் செட்டிகள் கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். அக்காவுக்குத் தமிழ் பத்து இருபது வார்த்தைதான் தெரியும், அதுவும் பூஜைக்கும் கல்யாணத்துக்கும் உள்ளவை. அவரை மலாயில் 'கக்கா' என்று கூப்பிட வேண்டும். தமிழ் வாயில் அது வேறு அர்த்தமாகிவிடும் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் என்னை 'அடேக்' என்பார், தங்கச்சி என்று பொருள். ஒரு காட்சி விடாமல் வருவார். கெபாயா சட்டையும் சாரோங் கைலியுமாக மேடையின் ஓரத்தில் நின்று கச்சான் கடலை கொறித்துக்கொண்டே பார்ப்பார்.

அவருக்கு ஒரு வேலையும் இருந்தது. கட்டும்போது தாலி கழுத்தில் கிடந்தால் மார்புக் கயிற்றுக்குள் சிக்கி மூச்சை முட்டும். அதனால் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் தாலியைக் கழற்றி அவரிடம் கொடுப்பேன். முதல் நாள், "அக்கா, தாலியக் கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டேன். தாலியைப் பக்கத்து ஸ்டூலில் வைத்திருந்தேன். மலாயில் தாலி என்றால் கயிறு. அக்கா நான் சொன்னபடியே செய்தார். என்னை ஏற்றும் கயிற்றின் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் கணவன் எவ்வளவு இழுத்தும் விடவில்லை. நான் பாதி உயரத்தில், தராசில் வைத்த கோழியைப் போல ஆடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஜனம் சிரித்த சிரிப்பில் குஸ்தி மேடைக் கூட்டமும் எங்கள் பக்கம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தார். கயிற்றுக்குத் தாலி பெசார், அதாவது பெரிய தாலி. கழுத்தில் கிடப்பதற்குத் தாலி கெச்சில், சின்ன தாலி. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் கையை நீட்டி, "தாலி கெச்சில்?" என்று கேட்பார். வாங்கிக் கைக்குட்டையில் முடிந்து கெபாயாவுக்குள் செருகிக்கொள்வார். ஆறு வருடத்தில் ஒரு நாளும் பெரியதையும் சின்னதையும் மாற்றிச் சொன்னதில்லை.

இனி கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டில் உயிர் சுலபத்தில் போகாது, கை போகும். கைகளைப் பின்னால் மடித்து மணிக்கட்டைச் சேர்த்துக் கட்டி, அங்கிருந்து கயிறு மேற்கையைச் சுற்றி மார்புக்கு வரும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, வெளிப்பக்கம், எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. கயிறு அதன்மேல் உட்கார்ந்து உடம்பின் பாரமும் இறங்கினால், கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு செத்துவிடும். என் கணவன் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, அதை ஒதுக்கி, கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விட்டுக் கட்டுவான். ஏற்றுமுன் என் காதில் கேட்பான், "வெரல் ஆடுதா?" நான் ஆட்டிக் காட்டுவேன். கையை நம்பித்தான் இரண்டு பேருக்கும் சோறு.

ஒருமுறை குடித்துவிட்டு ஆத்திரத்தில் கட்டினான். இடம் பார்க்கவில்லை. விரல் ஆடுதா என்றும் கேட்கவில்லை. இறக்கியபோது என் வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது. மேலே தூக்கு என்று நான் சொல்கிறேன், அது வேறு யாருடைய கையோ போல் கிடக்கிறது. மூன்று வாரம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. சம்சுவை விட்டான். எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினான். தலை பின்னிவிட்டான். ஒவ்வொரு விரலாக எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே அழுதான்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் இந்த நரம்பு?" என்று கேட்டேன்.

"சயாம் லயன்ல என்னையும் இப்பிடித்தான் கட்டிப் போட்டானுங்க புள்ள. கட்டுப்பட்டவனுக்குத்தான் கட்டுத் தெரியும்" என்றான்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் ரப்பர் தோட்டத்துச் சனங்களை லாரி லாரியாக ஏற்றினான். பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் திரும்பியவர்கள் கைவிரல் எண்ணிக்கை. அங்கிருந்து மீண்டவன், அங்கே கட்டுப்பட்டுக் கிடந்தவன் என்றால் மனம் இளகாமல் என்ன செய்யும்? அவன் அடித்தால், சயாமில் பட்ட அடி பேசுகிறது என்று பொறுத்துக்கொண்டேன். அவன் குடித்தால், தூக்கம் வராத மனுஷன் என்று கதவைச் சாத்திவிட்டேன். என் கை மெல்லத் திரும்பி வந்தது. அவனும் மெல்லச் சம்சுவுக்குத் திரும்பினான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் கணவன் மகா கெட்டிக்காரன், அவனுடையது ஆறு வருடம் ஓடியது.

அன்று சனிக்கிழமை, சாயங்காலம் முதல் காட்சி. வெளியே இன்னும் வெயில் இருந்தது. பார்க் முழுக்கக் காகிதக் கொடி கட்டியிருந்தார்கள். கட்டு முடிந்து ஏற்றுவதற்குமுன், கூட்டத்திலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு முடிச்சைச் சோதிக்கச் சொல்வது எங்கள் வழக்கம். "சந்தேகம் உள்ளவங்க மேல வந்து தொட்டுப் பாருங்க" என்றான் என் கணவன். முன்வரிசையிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். படி ஏறும்போது கம்பியை இடது கையால் பிடித்தார். வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது. மூன்று வாரம் அந்தக் கையோடு வாழ்ந்தவள் நான். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தார். இடது கையின் இரண்டு விரலை என் மேற்கைக் கயிற்றுக்கு அடியில் நுழைத்தார். சுலபமாக நுழைந்தது.

"ரெண்டு வெரல் எடம் விட்டிருக்கியே" என்றார் என் கணவனிடம், மெதுவாக. "அப்ப ஏன் விடல?"

"யாரு நீங்க? ஆள் மாறிப் பேசுறீங்க" என்றான் அவன்.

"லயன்லேர்ந்து ஓடிப் புடிபட்டது மூணு பேரு. ஜப்பான்காரன் அந்தாண்ட ஒக்காந்து சீரெட்டு ஊதிக்கிட்டு இருந்தான். ஒவ்வொருத்தனா மரத்துல ஏத்துனது நீ. கெஞ்சினோமேடா. தமிழ்லதானே கெஞ்சினோம்."

என் கணவன் காலைத் தூக்கி அவர் வயிற்றில் உதைத்தான். அவர் மேடையிலிருந்து மல்லாக்க முன்வரிசை நாற்காலிகளின் மேல் போய் விழுந்தார். வலது கையை ஊன்றத் தெரியாமல் விழுந்ததால் தாடை நாற்காலி விளிம்பில் இடித்துச் சட்டையெல்லாம் ரத்தம். விழுந்த இடத்திலிருந்தே கத்தினார். "இவன்தான் கட்டுனான். ரெண்டு பேரு கை அழுகிச் செத்தானுங்க. இவன்தான் கட்டுனான்." தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை. சீனத்திலும் யாரோ அதைச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு நடந்ததை நான் கை கட்டுண்ட நிலையில், ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தேன். கூட்டம் மேடை ஏறியது. வயதானவர் ஒருவர் செருப்பைக் கழற்றி அவன் வாயிலேயே அடித்தார். ஜோகெட் மேடைக்காரர்கள் வந்தார்கள். நாற்காலிக் கால் ஒன்று அவன் முதுகில் உடைந்தது. காது கிழிந்து தொங்கியது. அவன் தலையைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்து, "சொல்லு புள்ள, சொல்லு" என்றான். "அவனக் கட்டுங்கடா" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

அக்கா ஓடிவந்து என் கடைசி முடிச்சை இழுத்து என்னை அவிழ்த்துவிட்டார். அந்தக் கயிற்றைத்தான் கூட்டம் பிடுங்கியது. ஆனால் கட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆட்டைக் கட்டுவதுபோல் சுற்றினார்கள், அவன் நெளிந்து நெளிந்து கழன்றான். மறுபடி அடித்தார்கள். மறுபடி சுற்றினார்கள். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"அவரு சொல்றது நெசமா?" என்று கேட்டேன்.

வாயில் ரத்தத்தோடு அவன் சொன்னான், "நான் கட்டலன்னா என்னக் கட்டியிருப்பான் புள்ள."

இந்த வயதில் யோசித்தால் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. உயிருக்குப் பயந்தவனை யார் என்ன சொல்ல முடியும். அன்று எனக்கு நியாயம் தெரியவில்லை, என்னையும் கட்டிப் போட்டானுங்க என்று சொல்லி என்னிடம் வாங்கித் தின்ற ஆறு வருட இரக்கம்தான் தெரிந்தது. பொறுத்துக்கொண்ட ஒவ்வொரு அடியும் புதிதாக வலித்தது. கட்டினதுகூடப் போகட்டும். கட்டுப்பட்டவன் என்று அழுது காட்டினானே, அதுதான் பொறுக்கவில்லை.

"தள்ளுங்க" என்றேன். கூட்டம் தள்ளியது.

கட்டியது நான்தான். யாரும் என் கையைப் பிடித்துக் கட்ட வைக்கவில்லை. அவன் கைகளைப் பின்னால் மடித்தேன். இரண்டு பேர் தோளை அழுத்திக்கொண்டார்கள். மணிக்கட்டில் இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, இறுக்கினேன். எத்தனை நூறு முறை என் உடம்பில் ஏறிய வரிசை. கண்ணை மூடிக்கொண்டும் என்னால் கட்ட முடியும். மேற்கைக்கு வந்ததும் கட்டைவிரலால் அந்த இடத்தைத் தேடினேன். அவன் ஒதுக்குவதற்காகத் தேடுவான். நான் வைப்பதற்காகத் தேடினேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. "வெரல்" என்றான். "புள்ள, ரெண்டு வெரல். ரெண்டு வெரல் விடு."

"அவங்களுக்கு விட்டியாடா நீ?" என்றேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனை நீ என்று நான் கூப்பிட்டதில்லை. டா என்றதும் இல்லை. அன்றுதான் முதல்முறை. காலை அவன் முதுகில் ஊன்றிக்கொண்டு கயிற்றை இழுத்தேன், வலது கைக்கு இன்னொரு சுற்றுக் கூடப் போட்டேன்.

ஏற்றுவதற்குப் பத்துப் பேர் கயிற்றைப் பிடித்தார்கள். ஒரே இழுப்பில் உத்தரத்தில் போய் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் பலகையில் சொட்டியது. கயிற்றைத் தூணில் சுற்றி முடிந்துவிட்டு நான் பக்கத்தில் நின்றுகொண்டேன். வழக்கமாக ஒரு பாட்டு நேரம். ஒரு பாட்டு முடிந்தது. ராட்டினத்துக்காரன் இன்னொரு இசைத்தட்டுப் போட்டான், அதுவும் முடிந்தது. முதலில் கத்தினான். பிறகு முனகினான். பிறகு அதுவும் இல்லை. கூட்டத்தின் சத்தம் குறைந்தது. தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக இறங்கிப் போக ஆரம்பித்தார்கள். "பாவம்லா, எறக்கிடுங்க" என்று ஒரு குரல் வந்தது. யாரும் கயிற்றுப் பக்கம் வரவில்லை. அவன் வலது கை நீலம் பாய்ந்து கறுப்பதைப் பார்த்தேன். இறக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் அதுவரை தரையில் உட்கார்ந்து தாடையைத் துண்டால் அழுத்திக்கொண்டிருந்தார். எழுந்து வந்தார். "போதும்மா" என்றார் என்னிடம். நான் நகரவில்லை. அவர் என்னைத் தோளால் தள்ளிவிட்டு, தூணில் இருந்த முடிச்சில் இடது கையை வைத்தார். அது பத்துப் பேர் இழுத்து இறுகிய முடிச்சு. பல்லால் கடித்து இழுத்தார். அடிபட்ட தாடையோடு கடித்தார், கயிறு சிவந்தது. முடிச்சு விட்டதும் பாரத்தை ஒரு கையால் தாங்க முடியாமல் போக, என் கணவன் பலகையில் விழுந்த சத்தம் பார்க் முழுக்கக் கேட்டிருக்கும். அவர் முழங்காலிட்டு மார்புக் கயிற்றையும் மணிக்கட்டுக் கயிற்றையும் அப்படியே, ஒரு கையாலும் பல்லாலும், ஒவ்வொன்றாக அவிழ்த்தார். அவன் வலது கையைத் தன் மடியில் வைத்து விரல்களை நீவினார். குனிந்து ஒரு கேள்வி கேட்டார். அது என்ன கேள்வி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். மாத்தா, அதாவது போலீஸ், வருகிறார்கள் என்று யாரோ சொல்லவும், எழுந்து, தொங்கும் கையை இடது கையால் ஏந்திக்கொண்டு பின்பக்கமாகப் போய்விட்டார். அவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

போலீஸ் நிலையத்தில் ஒரு மலாய் சார்ஜன் விசாரித்தார். கூட்டம் கட்டித் தூக்கியது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தில் யார் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான், அந்த நேரத்தில் நீ என்ன செய்தாய்? எனக்கு மலாய் நன்றாகவே வரும். அன்று என் வாயில் தமிழைத் தவிர எதுவும் வரவில்லை. தமிழ் தெரிந்த ஆள் அன்று அங்கே இல்லை. அக்கா முன்னால் வந்து, எனக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், நான் சொல்கிறேன் என்றார்.

"தாலியக் கழட்டிட்டேன்" என்றேன். "இனிமே போட மாட்டேன். என்னை என்ன வேணாலும் செஞ்சுக்குங்க."

அக்கா சார்ஜனைப் பார்த்துச் சொன்னார், "தியா யாங் புக்கா தாலி."

இவள்தான் தாலியை அவிழ்த்தாள். மலாயில் அதைக் கேட்பவருக்குக் கயிறு என்றுதான் விழும். சார்ஜன் முகம் தெளிந்தது. நல்ல மனைவி என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எனக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். ஆறு வருடமாகப் பெரியதா சின்னதா என்று சொல்லாமல் அந்த வார்த்தையை அவர் வாய் திறந்து சொன்னதில்லை. அன்று பெரியதும் சொல்லவில்லை, சின்னதும் சொல்லவில்லை. சின்னது அவர் கெபாயாவுக்குள்தான் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தேநீரைக் குடித்தேன்.

மூன்றாம் நாள் பகலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அக்காவும் நானும். அவனுக்குத் தலையில் கட்டு, காதில் தையல். வலது கை மெத்தை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று டிரஸ்ஸர் சொல்லியிருந்தார்.

"நீதான் அவுத்தியாமே புள்ள. சார்ஜன் வந்து சொன்னாரு" என்றான். கண்ணில் தண்ணீர். "நெத்தியில அடிபட்டதுலேர்ந்து எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல. நீ அவுத்துட்ட. அது போதும் எனக்கு."

இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவன் சொன்ன பொய்யை அவன் முகத்தில் எறிந்துவிட்டு வர வேண்டும் என்றுதான் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அந்தக் கையைப் பார்த்ததும் வாய் வேறு எதையோ சொன்னது.

"ஆமாங்க. நாந்தான் அவுத்தேன்."

"தாலி எங்க? குடு, கட்டி விடுறேன்" என்றான்.

அக்கா கைக்குட்டையை அவிழ்த்துக் கொடுத்தார். நான் கட்டில் விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையைக் குனிந்தேன். வலது கையைத் தூக்க முயன்றான், மணிக்கட்டு விழுந்தது. இடது கையால் சுற்றினான். நுனியைப் பல்லில் கடித்தான். அவன் மூச்சு என் பிடரியில் பட்டது. எத்தனை விதமான முடிச்சு போட்ட மனுஷன். மூன்றில் ஒன்றுகூட விழவில்லை. மஞ்சள் கயிறு என் முதுகு வழியாக வழுக்கிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது.

"எடுத்துக் குடு புள்ள" என்றான்.

நான் குனியவில்லை. அக்காதான் குனிந்து எடுத்தார். "தாலி கெச்சில்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. திரும்பக் கைக்குட்டையில் முடிந்து உள்ளே வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கட்டிவிடுகிறேன் என்றான் அவன். சரிங்க என்றேன். அவன் காஜா பெராங்குக்கு வந்த அன்று நான் அங்கே இல்லை. பின்னறை ஆணியில் பெரிய தாலி மட்டும்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் கை வரவில்லை. புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு கிடங்குக்குக் காவலாக இருந்து அங்கேயே செத்தான் என்று அக்கா சொன்னார். கையைப் பற்றி யார் கேட்டாலும், கட்டினது யாரென்று மறந்துபோச்சு, அவுத்தது எம் பொண்டாட்டி என்பானாம். கட்டினது யாரென்று அவனுக்கு மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ரெண்டு விரல் விடு என்று கெஞ்சியது என்னிடம்தானே.

அவிழ்த்தது நான் இல்லை. தொங்கும் கைக்காரர் அவிழ்த்தார். தன் கையைக் கொன்றவனின் கையை மடியில் வைத்து, விரல்களை நீவிக்கொண்டே, வாயிலிருந்து ரத்தம் அவன் கன்னத்தில் சொட்ட, அவன் காதருகே குனிந்து, "வெரல் ஆடுதா?" என்று கேட்டார்.